அப்பாவின் இடுப்பில் என் ரிப்பன்

எக்ஸ்ரே படம் பிடிக்கப் போகிறார்கள் என்றதும் அப்பா தலைக்கு எண்ணெய் கேட்டார்.

"இடுப்பு எலும்பைத்தான்பா பிடிப்பாங்க. மூஞ்சி விழாது."

"விழுந்துட்டா? சீவாத தலையோடவா நான் படத்துல நிக்கிறது?"

நிற்கத்தான் அவரால் முடியவில்லையே! துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையிலிருந்து அரிசி மூட்டையோடு விழுந்தவர், அன்றிலிருந்து படுக்கைதான். எலும்பு ஒடிந்திருந்தால் மூட்டை தூக்கும் வேலை போய்விடும். நானும் பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு சரக்குக் கிட்டங்கியில் பாக்கு பொறுக்கப் போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அது பாக்கு பொறுக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்கு, என் பள்ளிச் சம்பளத்துக்கு எடுத்துவைத்த காசுதான் எக்ஸ்ரேக்குக் கட்டணமாகப் போயிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசலில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. யாரும் கேட்காமலே உரக்கப் படித்தேன்.

உள்ளே டாக்டருக்கு உதவியாளான யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர் அப்பாவை மேசையில் படுக்கவைத்து, வேட்டியைத் தளர்த்தினார். வெள்ளி அரைஞாண் பளபளத்தது. சின்ன வயதில் போட்டது போலும். இப்போது தொப்பையில் பதிந்து, மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் கிடந்தது.

"அண்ணை, இதைக் கழட்ட வேணும். கழட்டாட்டி எலும்பை மறைச்சுப்போடும்."

"செத்தவனுக்குத்தான் ஐயா அரைஞாணை எடுப்பாங்க. நான் இன்னும் சாகலல்லா!"

"ஒரு நிமிசம் கழட்டி மகளிட்டக் குடுங்கோ."

"அந்த ஒரு நிமிசத்துல எமன் வந்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

கறுப்புக் கயிறு கட்டினால் படத்தில் தெரியுமா என்று டிரெசரைக் கேட்டேன். தெரியாது என்றார். ஆனால் ஆஸ்பத்திரியில் கறுப்புக் கயிற்றுக்கு எங்கே போவது? அவர் காயம் கட்டும் துணியைக் கிழித்து நீட்டினார்.

"வெள்ளைத் துணியா? அதுவும் செத்தவனுக்குத்தான்!" என்றார் அப்பா.

என் இரட்டைப் பின்னலில் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ரிப்பன்கள் இருந்தன. ஒன்றை அவிழ்த்தேன், அப்பாவின் சுற்றளவுக்குப் போதவில்லை. இரண்டையும் முடிந்து கட்டினேன். இடுப்பு ஒரு கணமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதால், ரிப்பனைக் கட்டிய பிறகே வெள்ளியின் கொக்கியைக் கழற்ற விட்டார். கைப்பழக்கத்தில் நான் பூப்போல முடிச்சுப் போட்டிருந்தேன். டிரெசர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"அப்பா, எலும்பு ஒடியல! சதைப் பிடிப்புதான். படுத்திருந்தாச் சரியாயிடுமாம்!"

அப்பா முகத்தைச் சுளித்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லவா இவ்வளவு காசு? படத்தையாவது குடுக்கச் சொல்லு. ஸ்டுடியோவுல குடுக்கிறான்ல?"

"படம் ஆஸ்பத்திரிக்கு, அண்ணை."

"ஒடிஞ்சிருந்தாலாவது குடுத்த காசு செமிச்சிருக்கும்," என்று முனகியவர், ரிக்‌ஷாவில் ஏறியதும் வெள்ளி அரைஞாணை என் மடியில் போட்டார். "எனக்குத்தான் கயிறு கட்டியாச்சே. இதை வித்துப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தைக் கட்டு, தாயி."

மறுநாள் வாழைநாரில் முடிந்த பின்னலோடு வகுப்பில் நின்றேன். ரிப்பன் எங்கே என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். அரைஞாணுக்கு ஆங்கிலத்தில் எனக்குச் சொல் தெரியவில்லை. தலையை நிமிர்த்தி, தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்:

"என் அப்பா கட்டியிருக்கிறார், டீச்சர்."