குடித்த நாளில் ஷிப்ட் இல்லை

எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்குக் கார்டு போட்ட நாள் அது. எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்று கவுன்சலிங் அம்மா அவனைத் துருவித் துருவிக் கேட்டார். அக்காவின் முறை வந்ததும் தலை நிமிராமலே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பொம்பளைகள் குடிக்கமாட்டார்களாம். எங்கள் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்த நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா புருஷன், எங்கள் மாமா, குடித்த காலமெல்லாம் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மனுஷன் அக்காவுக்கு நோயையும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அக்கா ஒயின் ஷாப்பில் பாக்கெட் சரக்கு வாங்கிக் குடித்தாள். உடனே லைன் முழுக்க வாய் முளைத்துவிட்டது. பெங்களூர் கார்மென்ட்ஸில் நாள் முழுக்க நின்று, ரயிலிலும் நின்றுகொண்டே திரும்பி வருகிறவளைப் பார்த்து, "வந்துட்டாங்க மகாராணி" என்று காதில் விழும்படி சொன்னார்கள்.

ஊர் வாய் எதற்கு, என் வாயே போதும். ஒரு சாயங்காலம் அவள் ஒரு கையில் பாக்கெட், இன்னொரு கையில் மாத்திரை என்று உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இன்னாக்கா இது? ரெண்டும் ஒரே வயித்துல சேந்தா ஈரல் வெந்துபூடும். அப்பா இன்னா சொல்வாரு? குடிச்சா ஷிப்ட் கிடையாது. அவ்ளோதான்."

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாயில் சாராய வாடை அடித்தால் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்றமாட்டார்கள், வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். பூமிக்கு அடியில் ஒருவன் தடுமாறினால் பத்துப் பேர் உயிர் போகும். அங்கே அது நியாயம். அதைக் கொண்டுவந்து மாத்திரைக்கு மாட்டிவிட்டது நான். எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். பயந்துபோய்ப் பாக்கெட்டை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் மாத்திரையை விட்டாள்.

குடித்த நாளில், "இன்னிக்கு ஷிப்ட் இல்லடி" என்பாள். மாத்திரை டப்பாவைத் தொடவே மாட்டாள். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள். பயம் இருக்கிறதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

இரண்டு வருடம் போனது. இருமல், விடாத காய்ச்சல், கடைசியில் டிபி. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ரத்தத்தில் கிருமி ஏகத்துக்கும் ஏறியிருப்பதாகப் புதிதாக வந்த டாக்டரம்மா சொன்னார். கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"குடிப்பீங்களாம்மா?"

இத்தனை வருடத்தில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஆமென்று மெல்லத் தலையாட்டினாள்.

"குடிக்கிற நாள்ல மாத்திரை போடுவீங்களா?"

"அய்யோ, இல்லீங்க டாக்டரம்மா." அவள் குரலில் பெருமை இருந்தது. "ஒரு நாளும் கலந்தது கிடையாதுங்க. அந்த விசயத்துல நான் கரெக்டு."

டாக்டரம்மா நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்திக்கொண்டார். குடியை நிறுத்த உதவி செய்கிறோம், ஆனால் குடித்த நாளிலும் மாத்திரையை விடக்கூடாது என்றார். விட்டுவிட்டுப் போட்டதால்தான் பழைய மாத்திரை இப்போது கேட்கவில்லை. வேறு மாத்திரை எழுதுகிறேன், அது கேட்குமா என்று சில மாதம் கழித்து ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். ஒயின் ஷாப்காரனைத் திட்டினேன். செத்துப்போன மாமாவைத் திட்டினேன். லைன் ஜனங்களையும் விடவில்லை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அவங்கள இன்னாத்துக்குடி திட்டற? நான் உன் பேச்சத்தானே கேட்டேன்."