இருபதா, ஆறா?

திரவ சோப்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுத் தலைவருக்குப் பட்டப்பெயரே 'பாட்டிலார்'. பிளாஸ்டிக்கை ஒழித்துக்கட்டி, கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்காகக் கிடைத்த கைதட்டலில் நாலு வருஷம் குளிர்காய்ந்தார்.

அப்புறம் வேலைக்கு வந்து சேர்ந்தாள், சொந்தக் கொழுந்தியாள். ஒரு பொருள் மண்ணிலிருந்து கிளம்பிக் குப்பையில் விழும்வரை எவ்வளவு எரிபொருளும் தண்ணீரும் தின்கிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று அலசுவது அவள் வேலை. 'வாழ்நாள் மதிப்பீடு' என்றாள். மூன்றே மாதத்தில் முதலாளியம்மா எதற்கெடுத்தாலும், "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்தார். பாட்டிலாருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் மனைவி, "என் தங்கச்சிக்கு மூளைன்னா மூளை" என்பாள்.

ஒரு பாட்டில் எத்தனை முறை திரும்பி வரும் என்று கேட்டு அவள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினாள். 'கெட்டிக்காரிதானே, கண்டுபிடிக்கட்டும்' என்று பதில் போடாமல் விட்டார்.

அறிக்கை வந்ததும் குற்றம் கண்டுபிடிக்கவே வரிவரியாக மேய்ந்தார். முடிவென்னவோ அவர் பக்கம்தான்: கண்ணாடியே மேல், எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் பாட்டில் செய்து விற்பவரின் விவரத்தாளை நம்பி, ஒரு பாட்டில் இருபது முறை உழைக்கும் என்று போட்டிருந்தாள். கழுவும் இயந்திரத்தில் வாய் உடைந்து ஆறு முறைக்கு மேல் தாங்காது என்பது பாட்டிலாருக்குத் தெரியும். யாரிடமும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

சும்மா இருந்தால் அவர் பாட்டில் ஜெயிக்கும். கூட்டத்தில் சும்மா இருக்கத்தான் நினைத்தார். முதலாளியம்மா, "எவ்வளவு அழகா செஞ்சிருக்கா பாருங்க" என்றதும் பொறுக்கவில்லை.

"தப்பு," என்று எழுந்தார். "பதினெட்டாம் பக்கம். இருபது இல்லை, ஆறு."

அவள் முகம் சுண்டிப்போனது. அவருக்கு அது இனித்தது. அவள் எண்ணை மாற்றினாள். திரையில், எது எவ்வளவு கெடுதல் என்று காட்டும் வரைபடத்தில், கண்ணாடியின் பட்டை கிடுகிடுவென்று வளர்ந்து பிளாஸ்டிக்கையே தாண்டியது. கண்ணாடி உருக்கும் உலைக்கு நெருப்பு, பாரம் சுமக்கும் லாரிக்கு டீசல், எல்லாம் ஆறே முறைக்கு! கடையில் பீப்பாய் வைத்து, வாங்குபவர் தன் டப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளும், அறிக்கையிலிருந்த மூன்றாவது வழிதான் குட்டையாக நின்றது.

"அப்போ கண்ணாடி வேண்டாம்," என்றார் முதலாளியம்மா. "பீப்பாயை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க."

வெளியே அவள் ஓடி வந்தாள். "அத்தான், உங்க பாட்டில்னு பார்க்காம உண்மையைச் சொன்னீங்களே! என் மானம் தப்பிச்சது."

"நீ கேட்டப்பவே நான் பதில் போட்டிருக்கணும்," என்றார். எழுந்தது பொறாமையில்தான் என்ற மீதி உண்மையைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

முதல் கடையில் பீப்பாயின் குழாய் ஒழுகியது. பாட்டிலார் மண்டியிட்டு அதை இறுக்கிக்கொண்டிருக்க, கடைக்காரர் அவளைப் பார்த்து, "பிரமாதமான யோசனை, மேடம்" என்றார். பாட்டிலாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒழுகலை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார்.