உள்நோக்கிச் சாய்ந்த பற்கள்

கார்த்திகை ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி அளவில், தோணிரேவில் தன் வீட்டில், என் அக்கா தேசம்மாள் இறந்தாள். வயது எழுபத்து மூன்று. ஆறு நாள் காய்ச்சல். மீஞ்சூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் கைகளைச் சேர்த்துக் கட்ட முயன்றார்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

வாளை மீனின் பற்கள் கம்பியில் உராயும்போது எழும் அதிர்வு, காதுக்கு வருமுன்பே தூண்டில் நரம்பின் வழியாக விரலுக்கு வந்துவிடும். அரிசியில் கல்லைக் கடித்தாற்போல் உடம்பு ஒருகணம் கூசும். வாளை எங்கள் ஏரியின் மீன் அன்று. கடலோடு கலந்த எங்கள் தண்ணீர் உப்பு. அது நன்னீரில் மற்ற மீன்களைத் தின்று வளர்வது. ஐப்பசி மழையில் ஆரணியாறு பெருக்கெடுத்து ஏரியில் விழும் சில வாரங்களில் மட்டும், செந்நிற வெள்ளத்தோடு உள்நாட்டு ஏரிகளிலிருந்து இறங்கி வந்து, ஆறு கலக்கும் இடத்தில் ஆள் கை நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதன் பற்கள் நைலான் நரம்பை நொடியில் அறுத்துவிடும் என்பதால், நைனா, எங்கள் அப்பா, சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, ஒற்றை இழையை முறுக்கி, தூண்டில் முள்ளுக்கும் நரம்புக்கும் இடையே ஒரு சாண் கட்டிவைத்திருந்தார். வீட்டில் அதற்குக் 'கம்பி முள்' என்று பெயர். இரண்டே இரண்டு இருந்தன, கூரைச் செருகலில் இருக்கும், நான் தொடக்கூடாது.

"இஸ்கோலு போற பையன் முள்ள தொட்டான்னு தெரிஞ்சுதுன்னா, பொஸ்தகத்த மூட்ட கட்டிட்டு அன்னிக்கே படவுல ஏத்திடுவேன்" என்று நைனா சொல்லியிருந்தார். அவர் வெறுமனே சொல்கிறவர் அல்லர். அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் அப்படி ஒரே வாக்கியத்தில்தான்.

எனக்கு அப்போது பதினொன்று, அக்காவுக்குப் பதிமூன்று. மழைக்காகப் பள்ளி விட்டிருந்த ஒரு முற்பகலில், நைனா ஏரிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கம்பி முள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். பின்னாலேயே அக்கா வந்தாள்.

"இன்னாடா, நைனா முள்ள எடுத்தாந்துட்டியா? தோலு உரியப்போவுது பாரு" என்றவள், நான் இரண்டு முறை வீசித் தோற்றதும் பொறுமையிழந்து, "குடு இங்க. வாத்தியாரு கைக்கெல்லாம் மீனு மாட்டாது" என்று நரம்பைப் பிடுங்கிக்கொண்டாள். உயிருள்ள சிறு கெண்டையைக் கோத்து வீசினாள். சிறிது நேரத்தில் அந்த அதிர்வு வந்தது. இருவருமாக இழுத்துச் சேற்றில் போட்டோம். செதிலே இல்லாத வெள்ளி உடம்பு, நீண்ட மீசை, கன்னத்தைத் தாண்டிக் கிழிந்தாற்போன்ற வாய். முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது.

எனக்கு மீன் வேண்டியிருக்கவில்லை. நைனா கரையேறுமுன் முள் கூரைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஏரியில் மீசையுள்ள மீன் என்றால் கெளுத்தி. அதன் நஞ்சு முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும்தான். வாயில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு மட்டுமே. ஆகவே, "மீசை வெச்சத வாய்ல புடி, முதுகுல புடிக்காத" என்றே எங்கள் வீடுகளில் பிள்ளைகளைப் பழக்குவார்கள். நான் அதைத்தான் சொன்னேன்.

"மீசை மீனுதானக்கா. வாயில கைய விட்டு எடு. நைனா வந்துடும்."

அவள் வலக்கையை உள்ளே விட்டாள். மீன் வாயை மூடியது. வாளையின் பற்கள் வரிசையாக அல்ல, பட்டைபட்டையாக, நுனி தொண்டையை நோக்கிச் சாய்ந்து நிற்பவை; உள்ளே போவதற்கு வழிவிடும், வெளியே வருவதை விடாது. அக்கா கத்தவில்லை, என் பெயரை மட்டும் சொன்னாள். நான் அவள் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றி, காலை மீனின் தலையில் ஊன்றி, பலம் கொண்டமட்டும் இழுத்தேன். வரப்பின் மேல் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு விவசாயி ஓடிவந்தார்.

"டேய், இழுக்காத. உள்ள தள்ளுடா, உள்ள தள்ளு" என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் கை வெளியே வந்துவிட்டது.

தசைநாண்கள் அறுந்திருந்தன. காயத்தில் சீழ் வைத்து, ஆற இரண்டு மாதமாயிற்று. ஆறியபோது இரண்டு விரல்கள் கட்டைபோல் நீட்டியபடியே நின்றன.

கை கிழிந்த அன்று பிற்பகல், கூரைச் செருகலைப் பார்த்துவிட்டு நைனா உள்ளே வந்தார். முள்ளை யார் எடுத்தது என்று கேட்டார். துணி சுற்றிய கையை மடியில் வைத்திருந்த அக்கா, "நான்தான் எடுத்துகினு போனேன் நைனா. இவன் வேணாம்னுதான் சொன்னான்" என்றாள். நைனா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நான் தொடர்ந்து பள்ளிக்குப் போனேன், பின்னர் கல்லூரிக்கு, பின்னர் அதே போன்ற ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் வாளையின் தாடையை வரைந்து, பற்களின் சாய்வை அம்புக்குறியிட்டு விளக்கினேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'வாளைக்கு வெரலு குடுத்தவ' என்ற பெயர் நிலைத்தது. இருபத்தெட்டாம் வயதில், மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். இடக்கையில் கத்தி பிடிக்கப் பழகி, இறுதிவரை மீன் ஆய்ந்து விற்றாள். என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

ஆறு கலக்கும் இடத்துக்கு இம்முறை போய்ப் பார்த்தேன். கரை நெடுக வேலிக்கருவை மண்டிவிட்டது. ஐப்பசி முழுதும் பெய்தும் தண்ணீர் கரிக்கிறது. வாளை வந்து பல வருடம் ஆயிற்று என்றார் அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்தபின், அக்காவின் மகள் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா தாத்தாவுக்குத் தெரியாம முள்ள தூக்கிகினு ஓடுச்சாமே மாமா. செரியான திருட்டுக் கை போல. நெசமா?" என்றாள். அழுது அழுது வீங்கிய முகத்தில் அப்போதுதான் சிறிது சிரிப்பு வந்திருந்தது.

நான் தலையசைத்தேன், ஆம் என்று.

செய்யாமல் விட்டவை:

முள்ளை எடுத்தவன் நான் என்று நைனாவிடம், அவர் இருந்தபோது, சொல்வது.

மீன் வாயில் கையை விடச் சொன்னவனும் இழுத்தவனும் நானே என்று செல்வியிடம் சொல்வது.

நைனாவிடம் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்பது.