அவளுடைய டப்பாவை முகர்ந்த காலைகள்

எனக்கு அவளைப் பார்த்தாலே வயிறு எரியும். இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

பேரணாம்பட்டில் பத்து வருடமாக வீடு வீடாகப் போய், தொட்டியையும் டிரம்மையும் எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடுகிற வேலை என்னுடையது. கொரோனா வந்ததும் எங்களையே காய்ச்சல் கணக்கெடுக்கச் சொன்னார்கள். கையில் ஒரு வெப்பமானி, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர், ஒரு நோட்டு. ஆள் போதவில்லை என்று புதிதாகச் சிலரைச் சேர்த்தார்கள். அப்படி வந்தவள்தான் அவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள், கம்பெனியைப் பூட்டிவிட்டதால் இங்கே வந்தாள். முஸ்லிம் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வேலை பழக என்னோடுதான் அனுப்பினார்கள். அக்கா, அக்கா என்று பின்னாலேயே வந்தாள். ஒரு வாரத்தில் முன்னால் போய்விட்டாள்.

என் தெருக்களில் நான் போனால் கதவு திறக்காது. "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லமா, போய்ட்டு வா" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். காய்ச்சல் என்று சொன்னால் தெருவை அடைத்துத் தெருமுனையில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று பயம். பயப்பட்டதில் தப்பில்லை, அடித்தார்கள். அவள் போய் வாசலில் நின்று உருதுவில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், கதவு திறக்கும், நாற்காலி வெளியே வரும். தமிழ் வீடுகளிலும் அதே கதைதான், அதனால் பாஷை மேல் பழி போடவும் எனக்கு வழியில்லை. பத்து வருடத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தராத வீட்டில் அவளுக்கு மோர் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, வாசனை தெரிகிறதா என்பது. தோல் பதனிடுகிற ஊரில் கேட்கிற கேள்வியா இது? தோல் ஷாப்புக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றம் என்றைக்குமே உறைத்ததில்லை. "இந்த ஊர்ல வாசனை தெரியலன்னா நிம்மதிதானமா?" என்று ஒரு பெரியவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எல்லா வீட்டுக்கும் 'தெரிகிறது' என்று டிக் அடித்துக்கொண்டு போனேன்.

அவள் அப்படிப் போகவில்லை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பெருங்காயத்தைப் போட்டு எடுத்து வந்தாள். "கண்ண மூடிக்கிட்டு இது இன்னான்னு சொல்லுங்க" என்று நீட்டினாள். அந்த வாரமே வாசனை தெரியாத ஒருவரைக் கண்டுபிடித்தாள். அதுவும் என் தெருவில், நான் டிக் அடித்துவிட்டு வந்த வீட்டில்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, டாக்டரம்மா அந்த டப்பாவைக் கையில் தூக்கிக் காட்டினார். "இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கங்க." சொல்லும்போது அவர் பார்த்தது என்னை. இனிமேல் ஊழியர்களும் தினமும் காலையில் அவளிடம் டப்பாவை முகர்ந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டார். நான் வேலை பழக்கிய பெண் முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் உள் அறையிலிருந்து கத்தினார். "இன்னா கருகுது? அடுப்பாண்டதான நிக்கிற?"

குனிந்து பார்த்தால் பருப்பு அடிப்பிடித்துப் புகைகிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருங்காயத்தை எடுத்து மூக்கில் வைத்தேன். சுண்ணாம்புக் கட்டியை வைத்த மாதிரி இருந்தது.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. நான் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பதினாலு நாள் தனியே போட்டுவிடுவார்கள், என் தெருக்களை அவளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. பதினாலு நாளில் என் பெயரையே மறக்கடித்துவிடுவாள். ஜலதோஷம்தான், இரண்டு நாளில் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று காலை அவள் முன்னால் கண்ணை மூடினேன். "பெருங்காயம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மூன்று நாளும் வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

நாலாவது காலையும் "பெருங்காயம்" என்றேன். பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். டப்பாவில் காப்பித்தூள்.

எனக்குப் பின்னால் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். அவள் சட்டென்று மூடியைப் போட்டாள். "பெருங்காயம்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சிக்கா. மோந்து பாக்காமயே சொல்றாங்க. அதான் இன்னிக்கி மாத்தினேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்தது, பயம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இந்த யோசனை நமக்கு ஏன் வரவில்லை என்பதுதான் முதலில் வந்தது. அவ்வளவு கேவலமான மனசு.

"எத்தினி நாளாக்கா?"

"இன்னிக்கிதான்."

என் முகத்தையே பார்த்தாள்.

"மூணு நாள்" என்றேன். "இதோட நாலு."

"வூட்ல அண்ணனுக்கு சுகர் இருக்கே" என்றாள். மீட்டரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடினாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஆம்புலன்ஸை வரவழைத்து வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம். என்னை ஒரு கல்லூரி விடுதியில் போட்டார்கள். அவருக்காக அழுதேன். சத்தியமாக அழுதேன். நடுவில் என் தெருக்கதவுகள் அவளுக்குத் திறப்பதும் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. நான் அந்த மூன்று நாளில் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் அவள் மறுபடி ஏறி இறங்கினாள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று போன் செய்து சொன்னாள். "அண்ணன் இன்னிக்கி ரெண்டு இட்லி சாப்ட்டாராம்க்கா" என்பதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு மாதுளம்பழத்தோடு பார்க்க வந்தாள். வாசலில் தள்ளியே உட்கார்ந்தாள். பாதியாக இளைத்திருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "நல்ல நேரத்துல ஓடியாந்தமா. எப்டிமா கண்டுபிடிச்ச?"

நான் குனிந்து மாதுளம்பழங்களை எண்ண ஆரம்பித்தேன்.

"நான் எங்கண்ணா கண்டுபிடிச்சேன்? வாசனை தெரியலன்னு அக்காதான் வந்து சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் நான் ஓடியாந்தேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் அவளோடு சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை.

காப்பி போட உள்ளே போனேன். டப்பாவைத் திறந்ததும் வாசனை வந்தது, மூக்கு சரியாகிவிட்டிருந்தது. அவளுக்குத் திக்காகக் கலந்து கொடுத்தேன்.

உண்மையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. என்றைக்கும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.