பிள்ளை தூக்கிய பதினோரு வருஷம்

ஊரில் எல்லா வேலைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற வேலைக்கு மட்டும் "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பதுதான் பெயர்.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கி பதினோரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் கிரெஷ் இருந்தது. வேலைக்குப் போகிற தாய் தகப்பன் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் அழைத்துப் போவார்கள். நாற்பது பிள்ளைகள், ஐந்து ஆன்ட்டிகள், எல்லோருக்கும் மேலே ஒரு மேடம். நான் ரீத்தா ஆன்ட்டி.

வேலையில் சேர்ந்த அன்றே மேடம் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அதில் மூன்றாவது வரி: அழும் குழந்தையை உடனே தூக்கக் கூடாது, தூக்கினால் பழகிவிடும். நானும் நம்பினேன். அந்தக் காலத்தில் எல்லோருமே நம்பினோம். அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிள்ளை வளர்த்தவர்களே, இன்னும் வளர்த்துக்கொண்டிருப்பவர்களே, மடியில் ஒன்று உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்து இழுத்தால் பாதகமில்லை. விட்டு விட்டுப் படியுங்கள்.

டாட்டா சொல்லாத அம்மா

வசந்திக்கு ஜூரோங்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. மகள் மீனாவுக்கு இரண்டரை வயது. தினமும் காலையில் நானும் வசந்தியும் சேர்ந்து ஒரு திருட்டுத்தனம் செய்வோம். நான் மீனாவை ஜன்னலுக்குத் தூக்கிப் போய்ப் புறாவைக் காட்டுவேன். அந்த நேரத்தில் வசந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவாள். மீனா திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்க மாட்டாள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கமே வர மறுத்தது. விளையாடாது, படுக்காது, சாப்பிடும்போதுகூட வாசலைப் பார்த்துத்தான் உட்காரும்.

ஒருநாள் வசந்தி என்னிடம் சொல்லி அழுதாள். "வீட்டுல நான் பாத்ரூம் போக முடியல அக்கா. கதவுக்கு வெளியே நின்னு அடிச்சுக்கிட்டே இருக்கா. உள்ளேயே காணாமப் போயிருவேன்னு நெனைக்கிறா போல." எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பயத்தில் பாதி நான் உண்டாக்கியது. "நாளையிலேர்ந்து சொல்லிட்டுப் போ வசந்தி" என்றேன். "சொன்னா அழுவாளே?" என்றாள். "அழட்டும். நான் தூக்கி வச்சுக்கிறேன்" என்றேன். சுவரில் இருந்த மூன்றாவது வரியை நான் மீறத் துணிந்தது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் வசந்தி மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எழுந்து பால் குடிச்ச பிறகு வருவேன்" என்று சொன்னாள். மீனா போட்ட சத்தத்தில் எதிர் புளோக்கில் ஜன்னல் திறந்தது. வசந்தி பஸ் ஸ்டாப்பில் நின்று அழுததில் பஸ்ஸை விட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் நழுவிப் போகவில்லை. ஓவர்டைம் என்றால் பொதுத் தொலைபேசியிலிருந்து கிரெஷுக்குக் கூப்பிட்டு, என்னிடம் அல்ல, மீனாவிடம் சொல்வாள். மூன்று வாரத்தில் அழுகை முனகலாகி, முனகல் கையசைப்பானது. பிறகு ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் தரையில் புரண்டு அழுதபோது மீனா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரித்தாள்: "உங்கம்மா சொல்லிட்டுப் போனாங்களா? சொல்லிட்டுப் போனா வருவாங்க."

மேடத்தின் மூக்குக்கண்ணாடி

ரொஹானி எங்களில் மூத்தவள். ஐந்து பிள்ளை பெற்ற மலாய்க்காரி. சிராங்கூன் ரோட்டிலேயே வளர்ந்ததால் தமிழில் சண்டை போடவும் தெரியும். ஒரு சமயம் நாலு மாதக் குழந்தை ஒன்று எங்களிடம் வந்தது. தாய் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. தகப்பன் வேலையை விட்டால் வீடு நடக்காது. குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்று நாளில் கன்னம் வற்றிவிட்டது. நாலாவது நாள் ரொஹானி வீட்டிலிருந்து ஒரு பழைய பாத்தேக் சாரோங், மலாய்ப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பூப்போட்ட துணி, கொண்டுவந்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அப்படியே துணி மடித்தாள், தரை துடைத்தாள், மற்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டினாள். மத்தியானம் அந்தச் சாரோங்குக்குள்ளேயே புட்டியை நீட்டினாள். குழந்தை குடித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மேடம் வந்துவிட்டார். சீனப் பெண்மணி, விதிமுறைக்காரர், சிரித்து நான் பார்த்ததில்லை. ரொஹானியைப் பார்த்தார், சாரோங்கைப் பார்த்தார், காலியான புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொஹானி தானாகவே சுவரைக் காட்டி, விதி தெரியும், ஆனால் அவிழ்க்க மாட்டேன் என்று மலாயில் சொன்னாள். மேடத்தின் மூக்குக்கண்ணாடி சங்கிலியில் கோத்து அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் மலாயிலேயே பதில் சொன்னார், தமிழில் தருகிறேன்: "கண்ணாடியை வீட்டுல மறந்துட்டேன் லா. சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல."

கப்பல்காரரின் பின்னல்

ஆறுமுகம் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற ஆள். மனைவி தவறிவிட்டாள். நாலு வயது மகள் தேவியின் தலைமுடியை வெட்டிவிடச் சொல்லி எல்லோரும் யோசனை சொன்னார்கள். "அவங்கம்மா வளர்த்த முடி" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். முதல் வாரம் அவர் போட்ட பின்னலில் பிள்ளையின் புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. நான் அவிழ்த்து, சீவி, தளர்த்திப் பின்னிவிட்டேன். மறுநாள் அவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, நாங்கள் பிள்ளைகளுக்குப் போடும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார். "நீங்க பின்னுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பத்து நாள் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நைலான் கயிற்றில் பின்னிப் பழகியதாகவும், கூட வேலை செய்பவர்கள் கேலி செய்ததாகவும் அவரே சொன்னார். பதினோராவது நாள் தேவி இரட்டைப் பின்னலோடு வந்தாள். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. ஆனால் தொட்டுப் பார்த்தேன், பூப்போல இருந்தது. தேவி அதற்குப் பிறகு என்னைச் சீப்பைத் தொட விடவில்லை. அப்பா பின்னும்போது கதை சொல்வாராம், நான் சொல்வதில்லையாம். நான் ஆறுமுகத்திடம், நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றேன். அவர் வெட்கத்தோடு சொன்னார்: "கப்பலைக் கட்டிடலாம் அக்கா, அது ஆடாம நிக்கும், இவ கதையில சிங்கம் வந்தா எழுந்து ஓடுறா."

கடித்த பையன்

சார்ல்ஸ் கடிப்பான். மூன்றரை வயது, முகத்தைப் பார்த்தால் கோயிலில் வைத்த தேவதூதன் மாதிரி இருப்பான். கடித்தால் பல் பதியும். ஒரே மாதத்தில் ஏழு பிள்ளைகள். பெற்றோர்கள் கூடிவந்து, அவனை நீக்காவிட்டால் நாங்கள் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். மேடம் அவன் தாயை வரச் சொன்னார்.

அவன் தாய் லீமா ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்தாள். அந்த வருஷம்தான் அவர்களுக்கு வடகோடியில் இருக்கிற உட்லண்ட்ஸில் வீடு கிடைத்துக் குடிபோயிருந்தார்கள். இருட்டோடு எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வருவாள். சாயங்காலம் கடைசியாக அழைத்துப் போகப்படுகிற பிள்ளை சார்ல்ஸ்தான். கடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "நல்லா நாலு போடுங்க, அப்பத்தான் திருந்துவான்" என்றாள். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் பிரம்பு உண்டு. உண்மையைச் சொல்கிறேன், நானும் லீமா அடிப்பாள் என்று காத்திருந்தேன். கொஞ்சம் விரும்பினேன் என்றும் சொல்லலாம். எட்டாவது கடி என் கையில்தான் விழுந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினேன்.

லீமா கையை ஓங்கினாள். சார்ல்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் விறைத்துக்கொண்டு கிடந்தான், பிறகு உதைத்தான், பிறகு அழுதான், பிறகு அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான். அரைமணி நேரம் ஆகியிருக்கும். யோசனை சொன்ன தாய் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே ஒரு தலையணையைக் கொண்டுவந்து லீமாவின் முதுகுக்கு வைத்தாள். அதற்குப் பிறகு அவனை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. லீமா அடுத்த மாதம் காலை ஷிஃப்டுக்கு மாறி, நாலு மணிக்கே வர ஆரம்பித்தாள். நான் தினமும் மூன்று மணியிலிருந்து அவள் வரும்வரை அவனை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் இரண்டு கடி விழுந்தது, பிறகு நின்றது. அன்று ஏன் அடிக்கவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன். அவள் சொன்னாள்: "அடிச்சிட்டு நான் வேலைக்குப் போயிருவேன். சாயங்காலம் வரைக்கும் அவன்கிட்ட அந்த அடி மட்டும்தானே அக்கா இருக்கும்?"

என் வீட்டுப் பிள்ளை

இதை எழுதத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. என் மகள் பிலோ அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டதால் கிரெஷுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முதுகில் தொங்கியபடி ஒன்று என்று நான் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அரிசியைக் களைந்துகொண்டே, "கிட்ட வராதே பிலோ, அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலிக்குது" என்றேன். அவள் வாசற்படியில் நின்றபடி கேட்டாள், "அம்மா, உங்க கிரெஷ்ல சேர எத்தனை வயசு இருக்கணும்?" நான் சிரித்தேன். "உனக்கு வயசு தாண்டிருச்சுடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அரிசியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அன்று என் கணவர் அந்தோணி வந்ததும் சொன்னேன். அவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். "நாளைலேர்ந்து சோறு நான் வைக்கிறேன். நீ வந்ததும் அவகூடப் போய் உட்காரு" என்றார். அதுவரை அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பாயை விரித்து உட்கார்ந்து பிலோவைக் கூப்பிட்டேன். வந்தாள், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்த எனக்கு இந்த ஒரு பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. இரண்டாவது வாரம் அவள் கால் என் காலில் பட்டது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், என் மடியில் தலை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். கணக்கு டீச்சர் குரலை உயர்த்தினால் அவளுக்குத் தானாகவே பாவாடை நனைந்துவிடுகிறதாம். நாலு மாதமாக. நனைந்ததைப் பள்ளிக் குழாயில் அலசி, பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் காயப்போட்டு வந்திருக்கிறாள். யார் பெற்ற பிள்ளைக்கு உடுப்பு நனைந்தாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நான். அவளை இறுகக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாளே பள்ளிக்குப் போய் அந்த டீச்சரைப் பார்த்தேன். நல்ல மனுஷி, தன் குரல் இப்படிச் செய்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பிலோவை முன் வரிசையில் உட்காரவைத்து மெதுவாகப் பேசினார். ஒரு மாதத்தில் பையில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லாமல் போனது. ஆனால் எனக்கு மறக்காதது, அவள் சொன்ன அந்தச் சாயங்காலம்தான். நாங்கள் இருவரும் பாயில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது தீய்ந்த வாசனை வந்தது. நான் பதறி எழப் போனேன். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற அந்தோணி சொன்னார்: "சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. அதுக்காக எழுந்திரிக்காதீங்க, ரெண்டு பேரும் அப்படியே இருங்க."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு நான் தைரியமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தெரிந்தது முழுக்க, "எங்களுக்கு ஒண்ணும் தெரியலயே, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றவர்கள் கற்றுக்கொடுத்தது.