ஆத்தா வந்த வீட்டில் அழுதோம்

அம்பாளை நம்புகிறவர்களே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

யுத்த காலத்துப் பங்குனி அது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான ஆனையூரில் அண்ணன் மகள் வள்ளிக்கு அம்மை போட்டது. நாலு வயசு. வாசலில் வேப்பிலை செருகினோம். பிள்ளையின் உடம்பில் ஆத்தாவே இறங்கியிருக்கிறாள் என்பதால், "தாயே, இளநீர் குடிங்க" என்று மரியாதையாகத்தான் பேசினோம். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வள்ளி போய்விட்டாள்.

யாரும் அழவில்லை. அம்மையில் போனவர்களுக்கு எங்கள் பக்கம் அழக்கூடாது. அழுதால் ஆத்தா கோபிப்பாளாம். தொட்டிலில் கிடந்த அவள் தம்பி, கைக்குழந்தைக்கும் அப்போது அம்மை முத்து போட்டிருந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன்னா இதையும் கூட்டிட்டுப் போயிருவாடி" என்றாள் என் அம்மா.

வள்ளியைப் பெற்ற மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை, சோறில்லை. பாலும் வற்றிப்போனது. குழந்தை சப்பிப் பார்க்கும், கத்தும். பிறகு கத்தவும் தெம்பில்லை. சங்கில் புகட்டிய பசும்பால் கடைவாயில் வழிந்தது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இதுவும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அபிஷேகத் தீர்த்தம் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். வைகை மணலைக் கடந்து தெப்பக்குளத்து மாரியம்மன் சந்நிதிக்கு ஓடினேன். எனக்குக் கும்பிட வரவில்லை. "நீயா கொடுத்தாய்? நீயா எடுத்தாய்? இன்னும் பசி அடங்கவில்லையா?" என்று கேட்டேன். கேட்கும்போதே உடைந்துவிட்டேன். அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன்.

"யோவ், அம்மை வீட்டுக்காரன் இங்கன வந்து அழலாமா? படிச்சு என்ன கிழிச்ச?" என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதட்டினார்.

ஈரப் புடவையோடு, தலையில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் திரும்பினாள். "சும்மா இருங்கண்ணே. என் மகன் அம்மையில போனப்ப இதே இடத்துல நான் அம்புட்டு அழுதேன். ஆத்தா என்னைய முழுங்கிட்டாளா? பெத்தவகிட்ட அழாம பிள்ளைக எங்கிட்டுப் போகும்?"

மதினி வாயில் திணித்த முந்தானைதான் என் கண்ணில் வந்து நின்றது. தீர்த்தச் செம்போடு வீட்டுக்கு ஓடினேன். "மதினி, அழுங்க" என்றேன்.

அம்மா பதறினாள். "குடியக் கெடுக்காதடா!"

"ஆத்தா சந்நிதியிலேயே அழுதுட்டு வாரேன்மா. கோபம்னா அவ என்னையக் கேக்கட்டும். அழுங்க மதினி."

மதினி என்னையே பார்த்தாள். "வள்ளி" என்றாள். அவ்வளவுதான். தெருவே கேட்கும்படி கதறினாள். அம்மா அவள் வாயைப் பொத்தத்தான் போனாள். போனவள் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

அழுது ஓய்ந்த மதினி கஞ்சி கேட்டாள். குடித்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டாள். பால் சுரந்தது. குழந்தை மடக்மடக்கென்று விழுங்கும் சத்தத்தை நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். இப்போது தழும்பு முகத்தோடு வீடெல்லாம் ஓடுகிறான்.

வள்ளி வரவில்லை. அவளை எடுத்தது ஆத்தாதானா? தெரியவில்லை. ஆனால் அழுகிற தாயைத் தண்டிக்கிறவள் அவளல்ல, இது எனக்குத் தெரியும். துக்க வீடுகளுக்கு இப்போது நானே தேடிப் போகிறேன். "அவள் சித்தம்" என்று சொல்லி யார் வாயையும் அடைப்பதில்லை. கூட உட்கார்கிறேன்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே, அவளிடம் போங்கள். கோபமிருந்தால் கோபத்தோடு போங்கள். வாய்விட்டு அழுங்கள். அவள் கேட்பாள்.