அண்ணி வாள் எடுத்தது

ஊரடங்கு சமயத்தில் எங்கள் வீட்டில் டிராகனைக் கொல்ல மூன்று பேர் இருந்தோம். சென்னை வேலைக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட அண்ணன், அவனைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்திருந்த அண்ணி, காலேஜ் மூடிவிட்டதால் வீட்டில் கிடந்த நான். தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊரில் மொட்டைமாடிக்குப் போனால்தான் சிக்னல் வரும். வெயில் தாழ்ந்ததும் ஆளுக்கொரு ஃபோனோடு கேம் ஆட ஏறிவிடுவோம்.

அந்த கேமில் ஆளுக்கொரு கிளாஸ். கூத்து பார்த்து வளர்ந்த அண்ணி அதை வேஷம் என்றுதான் சொல்வார். அண்ணன் வாள்வீரன், நான் வில்லுக்காரி. அடிபட்டவர்களுக்கு மருந்து ஊற்றி உயிரேற்றும் ஹீலர் வேஷத்தை அண்ணி தலையில் நாங்களே கட்டினோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறாக்கிப் போடுகிறவருக்கு அது தானாக வருமாம். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு புத்தி.

வரவில்லை. டிராகன் நெருப்பைக் கக்கியதும் அண்ணி முதலில் அண்ணனுக்கு ஊற்றுவார், அடுத்து எனக்கு. தன் முறை வருவதற்குள் செத்துப்போவார். மருந்து ஊற்ற ஆளில்லாமல் நாங்கள் எவ்வளவு நேரம் தாங்குவோம்? தினமும் இதே கதைதான். எங்கள் வீட்டில் சோறு போடுகிற வரிசை அப்படியே கேமுக்குள்ளும் வந்துவிட்டது. ஆம்பளைக்கு முதலில், அப்புறம் வீட்டுப் பெண்ணுக்கு, சட்டியில் மிஞ்சினால் மருமகளுக்கு.

"உனுக்கு மொதல்ல ஊத்திக்கினா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று அண்ணன் எரிந்து விழுந்தான்.

"கை வரமாட்டேங்குதுங்க. தானா உங்க பக்கம் பூடுது," என்றார் அண்ணி. ஃபோனை மடியில் வைத்துவிட்டு, "எனக்கு இந்த வேஷம் வாணாம். நான் கத்தி எடுத்துக்கிறேன்," என்றார்.

வேஷம் மாற்றினால் ஏறின லெவல் எல்லாம் போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து வர வேண்டும். அண்ணி அதற்குக் கவலைப்படவில்லை. ஆனால் ஹீலர் வேண்டுமே. நான் வில்லைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். காலேஜ் நாளிலிருந்து வளர்த்த வாள்வீரனை விட்டுவிட்டு அண்ணன்தான் முணுமுணுத்துக்கொண்டே மாறினான். புது மாப்பிள்ளை, வேறென்ன செய்வான்?

எலியையும் ஓணானையும் வெட்டி வெட்டி அண்ணி லெவல் ஏறினார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் மருந்தை முதலில் தனக்குத்தான் ஊற்றிக்கொண்டான். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் உயிர்க்கோடு சிவப்பாவதைக் கவனிக்கத்தான் அவனுக்குப் பல நாள் பிடித்தது. கவனிக்கத் தொடங்கிய பிறகு டிராகன் விழுந்தது. கடைசி வெட்டு அண்ணியுடையது.

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில், "இன்னாடி அங்க சத்தம்?" என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள். அண்ணி அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஊரே பயந்து கிடந்த காலம்தான். ஆனாலும் அந்தச் சாயங்காலங்கள் திரும்ப வராதா என்று இருக்கிறது.

ஊரடங்கு முடிந்ததும் அவர்கள் சென்னைக்குப் போனார்கள். என்னைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். போன மாதம் ஒருநாள் காலையில் அண்ணி ஃபோன் செய்தபோது, இன்னும் விளையாடுகிறீர்களா, இப்போது எந்த வேஷம் என்று கேட்டேன்.

"மறுபடியும் மருந்துதான். எனக்கு அதான் புடிச்சிருக்கு," என்றார். "ஆனா மொத சொட்டு எனக்கு ஊத்திக்கினுதான் மத்தவங்களுக்கு."

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். மிஞ்சின இரண்டு தோசையை அடுப்படியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். அண்ணியை நினைத்துப் பொறாமையாக இருந்தது.